மருந்துக்கடைச் சம்பந்திக்கு, மெட்டு விஷயமாக

மதிப்பிலும் மரியாதையிலும் இன்றைய தேதி வரை நான் ஒரு குறையும் வைத்திராத சம்பந்தி அவர்களுக்கு,

தையல் மெஷின் மெக்கானிக் சம்பந்தி வணக்கம் சொல்லி எழுதச் சொன்ன கடிதம். இங்கே நான் ஏதோ இருக்கிறேன். அங்கே உங்கள் சுகத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிடார் வகுப்பு மாடிக்கு நீங்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியதைக் கீழே நின்று நானே பார்த்தேன். எழுபத்திரண்டு வயதில் முழங்கால் அப்படி வேலை செய்கிறதென்றால், மருந்துக்கடை நடத்துகிற இத்தனை வருஷத்தில் நல்ல சரக்கை வீட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். நான் உங்களைவிட ஒரு வயது சின்னவன். ஒவ்வொரு படியிடமும் அனுமதி கேட்டுத்தான் ஏறுகிறேன். போகட்டும், அதுவல்ல விஷயம்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் பேசினால் நீங்கள் பதில் பேசுவீர்கள், அதனால்தான். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு "சம்பந்தி, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளுங்க" என்று ஆரம்பித்தால் நான் கேட்டுத் தொலைத்துவிடுவேன், பிறகு என் கோபம் என்னத்துக்கு ஆகும்? கடிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதுகிறவர் கடைவீதித் தையல்காரம்மா. அவருடைய இரண்டு மெஷினுக்கும் நான் எண்ணெய் விட்டு பெல்ட் மாற்றித் தருகிறேன், அதற்குப் பதிலாக நான் சொல்லச் சொல்ல அவர் எழுதித் தருகிறார். "கோவத்துல சொல்றதையெல்லாம் அப்படியே எழுதணுமா, இல்ல அங்கங்க கொஞ்சம் பிடிச்சுத் தைக்கட்டுமா?" என்று கேட்டார். ஒரு நூல்கூடப் பிடிக்க வேண்டாம், அளவெடுத்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எழுத்துதான் வராதே தவிர மறதியும் வராது. நீங்கள் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டும் மறப்பீர்கள். நான் எழுதாமலே வைத்திருக்கிறேன், தேதியோடு.

முதலில், யார் முதலில் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சலவைக்கடைக்கு மேலே இருக்கிற அந்த வகுப்புக்கு நம் பேத்தி பதினான்கு வயதில் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவளுடைய கிடாரைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவன் நான். இரண்டு வருஷம் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து இஸ்திரி ஆவி வரும், மேலேயிருந்து கிடார் வரும், நடுவில் நான். ஒருநாள் மாஸ்டர் கதவைத் திறந்து, "பெரியவரே, ரெண்டு வருஷமா படியில உக்காந்து காலால தாளம் போடறீங்க, மேலேருந்து காரை கொட்டுதுன்னு சலவைக்கடைக்காரர் எங்கிட்ட சண்டைக்கு வர்றாரு. பேசாம உள்ள வந்து கையால ஏதாவது பண்ணுங்க" என்றார். அப்படி அழைக்கப்பட்டுப் போனவன் நான். கவனிக்கவும், அழைக்கப்பட்டு. மூன்றே வாரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். பேத்தியைக் கூட்டிப்போக வந்தேன் என்றீர்கள். கூட்டிப்போக வந்தவர் தோளில் பஞ்சு வைத்த உறை போட்ட புத்தம்புதுக் கிடார் எதற்கு? என்னுடையது ஒரு பட்டன் கடை மூலையில் கிடந்து, வயிற்றில் விரிசல் விட்டு, நானே கோந்து போட்டு ஒட்டினது. உங்களுடையதைத் திறந்தபோது வகுப்பே எழுந்து வந்து வாசனை பிடித்தது. அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. மருந்து கேட்கலாம் என்றால் மருந்துக்கடைக்காரர் நீங்கள்.

வாசிப்பில் நான் உங்களுக்குக் குறைந்தவன் இல்லை. கம்பியில் விரல் வைக்கிற ஒவ்வொரு பிடிக்கும் மாஸ்டர் பலகையில் இங்கிலீஷ் எழுத்தாக எழுதுவதெல்லாம் எனக்குப் பூச்சி ஊர்ந்த மாதிரிதான் தெரிகிறது, அதனால் விரல் உட்காருகிற தினுசைப் பார்த்து நானே பேர் வைத்துக்கொண்டேன். ஒன்று நாற்காலி, ஒன்று கத்தரிக்கோல், ஒன்று சாய்ந்த ஏணி. எல்லா விரலும் ஒரே கம்பி வரிசையில் நசுங்குகிறதே, அது பஸ் கூட்டம். "நாற்காலியிலேருந்து கத்தரிக்கோலுக்குப் போறப்ப நடுவிரலைத் தூக்காதீங்க பெரியவரே" என்று மாஸ்டரே சொல்லுமளவுக்கு வந்துவிட்டது. வகுப்பில் நம்மோடு வாசிக்கிற டிரைவிங் ஸ்கூல் அம்மாவும் பல் டாக்டரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் இன்னும் இங்கிலீஷ் எழுத்தாகவே சொல்கிறீர்கள், பஸ் கூட்டத்தில் உங்கள் சுண்டுவிரல் இன்றுவரை ஏறவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

சரி, தகராறுக்கு வருகிறேன். மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வாரா வாரம் வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் ஒன்பது பேரும் போனில் இருக்கிற குழுவில் ஆளுக்கு ஒன்று போட வேண்டும், இந்த வாரம் என் காதில் ஓடுவது இது என்று. சொந்தமாக வாசித்ததைப் போடக்கூடாது, நிஜமாகக் கேட்டுக்கொண்டிருப்பதைத்தான் போட வேண்டும். "வாசிக்கறவன் கை எங்க போகும்னு அவன் காதைப் பாத்தா தெரிஞ்சிடும்" என்பார் மாஸ்டர். இப்படிப் பன்னிரண்டு வாரம். பிறகு ஒவ்வொருவரும் அடுத்தவர் போட்டதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து நூலகத்து ஹாலில் மேடை ஏறி வாசிக்க வேண்டும். யார் காதிலிருந்து வந்ததோ அவர்தான் துணைக்கிடார், பக்கத்து நாற்காலி அவருக்கு. இந்த விதியைக் கேட்ட நிமிஷமே எனக்கு வேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது. பேத்திக்குப் பக்கத்து நாற்காலி. மேடையில் இருப்பதே இரண்டு நாற்காலி. உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்களுக்கும் அதே நாற்காலிதான் வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்.

முதல் வாரம் நீங்கள் போட்டது படகுப் படம் போட்ட ஒரு பாட்டு. காலை ஆறு ஐம்பதுக்கு. அதன் கீழே ஒரு முழம் எழுத்து. என்ன என்று பல் டாக்டரைக் கேட்டதற்கு, "காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, சாப்பாட்டுக்கு அப்புறம் கேக்கணும்னு போட்டிருக்காரு" என்று சொல்லிச் சிரித்தார். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, அதை யார் படிக்கிறார்கள்? அன்றைக்கே முடிவு செய்தேன், இனி உங்கள் பாட்டைக் கேட்பேன், உங்கள் எழுத்தைப் படித்துக்காட்டச் சொல்லி ஒருத்தரிடமும் போய் நிற்கமாட்டேன் என்று. உங்கள் படகுக்கு ஏழு இதயம் விழுந்தது. ஒன்று பேத்தியுடையது. நான் எழுதத் தெரியாததால் குரலில் போட்டேன், "இந்த வாரம் நான் கேட்டது பக்கத்து வீட்டு ரேடியோ, அவங்க எதை வெச்சாங்களோ அது" என்று. உண்மையைத்தானே சொன்னேன்? எனக்கு விழுந்தது நான்கு கட்டைவிரல். அதிலும் ஒன்று பேத்தியுடையது. கைநாட்டுக்காரன் என்று குத்திக் காட்டுகிறார்கள் என நினைத்து அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. "ஐயோ, அது நல்லா இருக்குன்னு அர்த்தம் பெரியவரே" என்றார் டிரைவிங் ஸ்கூல் அம்மா. நன்றாக இருந்தால் இதயம் போட வேண்டியதுதானே, அதற்குத்தானே அது இருக்கிறது?

அதற்கப்புறம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உங்களுக்குப் பேரைப் படித்துத் தேடத் தெரியும். நான் படத்தைப் பார்த்துத்தான் தேட வேண்டும். நான்காவது வாரம், தொப்பி போட்ட ஒருத்தர் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற படம் ஒன்று அகப்பட்டது. ஆள் அவ்வளவு உருக்கமாக இருந்தார். இதற்கு இதயம் நிச்சயம் என்று கேட்காமலே போட்டுவிட்டேன். அது கிடார்க்காரர்கள் நகம் வெட்டுவது எப்படி என்று நாற்பது நிமிஷம் சொல்கிற வீடியோ. வகுப்பு மொத்தமும் மரியாதைக்கு முழுவதையும் பார்த்திருக்கிறது. "உபயோகமான விஷயம்" என்றார் மாஸ்டர். நீங்கள் அன்று வகுப்பில் உட்கார்ந்து உங்கள் பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டீர்கள். என்னைக் கேலி செய்யத்தானே? ஆறாவது வாரம் இதே தையல்காரம்மா கடையில் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் சட்டைப்பையில் தானாக அழுந்தி, நான்கு நிமிஷம் மெஷின் ஓடுகிற சத்தமும், நடுவில் பாபின் சிக்கியதற்கு நான் அதைத் திட்டியதும் குழுவுக்குப் போய்விட்டது. அதற்கு நீங்கள் இரண்டு முழம் எழுதினீர்கள். நான் படிக்கச் சொல்லவில்லை. இரண்டு முழம் கேலியைக் காசு கொடுத்தாலும் கேட்பேனா? நடுவில், ஏழாவது வாரம், நீங்கள் போட்ட சிவப்புக் கதவுப் படத்துக்குப் பேத்தி இதயத்தோடு அழுகிற முகமும் சேர்த்துப் போட்டாள். எனக்காக அவள் ஒரு நாளும் அழுததில்லை, போனில்கூட.

இனி ஒன்பதாவது வாரத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை காலை பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தேன். போன் கூவியது. நீங்கள் போட்டது. படத்தில் ஒன்றுமில்லை, வெறும் நீலம். அதன் கீழே வழக்கத்தைவிட நீளமாக எழுத்து. எழுத்தைத் தள்ளிவிட்டுப் பாட்டை அழுத்தினேன். முதல் நான்கு தட்டிலேயே ரேஸர் கையிலிருந்து தொட்டியில் விழுந்தது. சம்பந்தி, அது என்னுடையது. என்னுடைய மெட்டு. என் இருபத்திரண்டாவது வயதில், அறுபது மெஷின் ஓடுகிற கோட்டுத் தொழிற்சாலையில், மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அறுபதும் ஒரே மூச்சில் நின்றது. அந்த அமைதியில்தான் தெரிந்தது, சூப்பர்வைசர் அறையில் பேட்டரி ரேடியோ ஒன்று அத்தனை நாளும் பாடிக்கொண்டிருந்திருக்கிறது என்று. ஒற்றைக் கிடார். பாட்டு இல்லை, தாளம் இல்லை, யாரோ ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து யாரையோ சமாதானப்படுத்துகிற மாதிரி. மூன்று நிமிஷம் கேட்டேன். மெட்டு மேலே ஏறி, இனி இறங்கப்போகிறது என்கிற இடத்தில் கரண்ட் வந்துவிட்டது. அறுபது மெஷினும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிட்டன. நாற்பத்தொன்பது வருஷமாக அந்த மூன்று நிமிஷத்தைத்தான் முனகிக்கொண்டிருக்கிறேன். முடிவு என்னிடம் இல்லை.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. நம் பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்களும் நானும் நீல பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் முனகிக்கொண்டிருந்தேன். "என்ன சம்பந்தி அது, நல்லா இருக்கே?" என்றீர்கள். "தெரியாது. மூணு நிமிஷம்தான் எங்கிட்ட இருக்கு. மீதியைக் கரண்ட் கொண்டு போயிடுச்சு" என்றேன். "எங்க, இன்னொரு தடவை?" என்றீர்கள். அன்றைக்கு நான்கு தடவை முனகினேன், ஐந்தாவது தடவையில் குழந்தை அழுதது. அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும், யார் இருந்தாலும், "அந்த மூணு நிமிஷத்தை ஒரு தடவை எடுத்து விடுங்க சம்பந்தி" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். வந்தவர்கள் முன்னால் குட்டிக்கரணம் போடச் சொல்கிற மாதிரி. நானும் மடையன், போட்டேன். வருஷக்கணக்காக என் வாயிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி, எங்கேயோ போய்ப் பேரைக் கண்டுபிடித்து, சொந்தச் சரக்கு மாதிரி ஒன்பதாவது வாரம் கடையில் பரப்பிவிட்டீர்கள். எட்டு இதயம் விழுந்தது, சம்பந்தி. ஒன்பது பேர் வகுப்பில் நீங்களும் நானும் போக எல்லோரும். மாஸ்டருடையதும் சேர்த்தி. நான் போடவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. நான் அதை முழுவதும் கேட்கவில்லை. மூன்று நிமிஷம் ஆனதும், மெட்டு ஏறி நின்ற அந்த இடத்தில் போனை நிறுத்திவிட்டேன். நாற்பத்தொன்பது வருஷம் காத்திருந்த முடிவு உங்கள் கையிலிருந்துதான் என் காதுக்கு வரவேண்டுமா? வேண்டாம். பட்டினியாகவே இருந்துகொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நீங்கள் என்னிடம் வந்து, "கேட்டீங்களா சம்பந்தி?" என்றீர்கள். "கேட்டேன்" என்றேன். "முழுசா?" என்றீர்கள். "ம்" என்றேன். நீங்கள் மெடல் வாங்கினவர் மாதிரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று அங்கேயே நின்றீர்கள். நான் திரும்பிக்கொண்டு கம்பியை முறுக்கினேன். முறுக்கியதில் அறுந்தது. அந்தக் கம்பியும் உங்கள் கணக்கில்தான்.

பிறகு பன்னிரண்டு வாரமும் முடிந்து, இந்த ஞாயிற்றுக்கிழமை. பேத்தி எழுந்து நின்றாள். என் பக்கம் ஒரு பார்வை, உங்கள் பக்கம் ஒரு பார்வை. "நான் எடுத்தது ஒன்பதாவது வாரம், மருந்துக்கடைத் தாத்தா போட்டது" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். "ஆனா…" என்று ஏதோ ஆரம்பித்தாள். ஆனாவுக்குப் பிறகு ஆறுதல்தான் வரும் என்று எனக்குத் தெரியும், 'ஆனா மெஷின் தாத்தா போட்டதும் நல்லாதான் இருந்துச்சு' என்பாள், வகுப்பே கட்டைவிரலைத் தூக்கும். அதற்கு நிற்பேனா? கிடாரைக்கூட எடுக்காமல் இறங்கிவிட்டேன். "தாத்தா, நில்லுங்க!" என்று படிவரைக்கும் ஓடிவந்து கூப்பிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் இரண்டிரண்டு படியாக இறங்கினேன், அதை நீங்கள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். நேற்று நீங்கள் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினீர்கள். நான் குளியலறையில் இருந்தேன். இரண்டு தடவையும். "சம்பந்தி, உள்ள இருக்கீங்கன்னு தெரியும், தண்ணி சத்தமே கேக்கலையே" என்றீர்கள். கேட்காதுதான், ஈரமில்லாமல் குளித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வருகிற வியாழக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் நீங்கள் எழுந்து, இந்த மெட்டு எனதல்ல, தையல் மெஷின் மெக்கானிக்குடையது, ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்து அவரிடமிருந்து எடுத்தேன் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ள வேண்டும். அந்த நாற்காலி எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, காலியாக இருக்கட்டும். தையல்காரம்மா இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "காலியா இருந்தா பேத்தி தனியா வாசிக்கணுமே பெரியவரே" என்கிறார். நீங்கள் எழுதுங்கள் அம்மா, இடையில் தைக்காதீர்கள். சொல்ல மறுத்தால் நான் வகுப்பை விட்டு நின்றுகொள்வேன். இருபது வருஷ சம்பந்தத்தை முறித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் என் அளவில் உங்களை இதயத்திலிருந்து கட்டைவிரலுக்கு இறக்குகிறேன்.

வீட்டில் சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் கிடார் வாசிப்பதில்லை. உங்கள் மகள், அதாவது என் மருமகள், போன வாரம் கொடுத்துவிட்ட போர்வை கனமாக இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்லவும். நீங்கள் நல்ல முழங்காலோடும் நீண்ட ஆயுளோடும் இருந்து, செய்ததை நினைத்து நினைத்து வருந்த வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மெட்டுக்குச் சொந்தக்காரன்
(இடது கட்டைவிரல் ரேகை. இது போனில் போடுகிற கட்டைவிரல் அல்ல, மை தொட்டு வைத்தது.)

பின்குறிப்பு: மை காய்வதற்குள் தையல்காரம்மா கடிதத்தை முதலிலிருந்து ஒருதரம் படித்துக் காட்டிவிட்டு, "எல்லாம் சரி, எந்த மெட்டுன்னு பேரே சொல்லலையே? பேர் போடாம வழக்கு நிக்குமா?" என்றார். நியாயம்தான் என்று வீட்டுக்குப் போய் அரிசி டப்பாவிலிருந்து போனை எடுத்துவந்து உயிர்ப்பித்தேன். இரண்டு நாள் செய்தியெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்து போன் மேஜையில் நகர்ந்தது. ஒன்பதாவது வாரத்து நீலப் படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்க்காமல் அதன் கீழே இருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். "வேண்டாம்மா, அது மருந்து டப்பாக் காகிதம்" என்றேன். "சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு உரக்கப் படித்தார். நீங்கள் எழுதினது உங்களுக்கு மறந்திருக்கும், நான் ஒருமுறை கேட்டதைச் சொல்கிறேன்:

"இது என் காதிலிருந்து வந்தது அல்ல. என் சம்பந்தி பதினாறு வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரி பெஞ்சில் முனகியது. அவரிடம் மூன்று நிமிடம்தான் இருந்தது. மீதியைத் தேடிக் கொடுப்பது என் பொறுப்பு என்று அன்று நினைத்துக்கொண்டேன். மறந்துவிடாமல் இருக்க, பார்க்கும்போதெல்லாம் அவரை முனகச் சொல்லித் தொந்தரவு செய்தேன். கடைக்குத் தோளில் கிடாரோடு யார் வந்தாலும் முனகிக் காட்டினேன். பாதிப் பேர் எனக்குத் தொண்டை வலி என்று நினைத்தார்கள். சென்ற மாதம் விரலுக்கு பிளாஸ்திரி வாங்க வந்த ஒருவர்தான் பேர் சொன்னார். இதை யார் தேர்ந்தெடுத்தாலும் பக்கத்து நாற்காலி என் சம்பந்தியுடையது. மருந்தளவு: அவர் மட்டும், ஒரே ஒரு முறை, கடைசிவரை."

அதற்குக் கீழே பேத்தியின் குரல் இருந்தது, அதை எனக்கே கேட்கத் தெரியும். "தாத்தா, நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள எங்க ஓடினீங்க? ஆனா ரெண்டாவது கிடார் மெஷின் தாத்தான்னு சொல்ல வந்தேன். மருந்துக்கடைத் தாத்தா எழுதினதை நீங்க படிக்கவே இல்லையா?" என்றாள். பிறகு, "ஐயோ" என்றாள். பிறகு, "சரி, வியாழக்கிழமை வந்துடுங்க, உங்க கிடார் எங்க வீட்ல இருக்கு, கம்பி மாத்திட்டேன்" என்றாள்.

தையல்காரம்மா மிதியிலிருந்து காலை எடுத்தார். அடுத்த மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணையும் நிறுத்தச் சொன்னார். நீலப் படத்தை அழுத்தினேன். மூன்று நிமிஷம் ஆயிற்று, மெட்டு ஏறி நின்றது. நான் பழக்கத்தில் காதைப் பொத்தப் போனேன், மெஷின் ஒன்றும் ஓடவில்லை. சம்பந்தி, முடிவு அப்படியொன்றும் பிரமாதமில்லை. கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து, நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான். தையல்காரம்மா கைக்கு அகப்பட்ட துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அது யாரோ வாடிக்கையாளருடைய ஜாக்கெட் லைனிங். என்னைக் கேட்காதீர்கள்.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். "ரெண்டு மணி நேரம் என் மெஷின் சும்மா நின்னிருக்கு, இது போய்த்தான் ஆகணும்" என்கிறார் அம்மா. ஆகையால் இதைக் கீழிருந்து மேலாகப் படிக்கவும், பின்குறிப்பு முடிந்ததும் நிறுத்திக்கொள்ளவும். ஆனாலும் ஒரு வருத்தம் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். எழுத்து தெரியாதவனுக்கு எழுதி வைத்தீர்களே, அது ஞாபகப் பிசகு. இருபது வருஷத்தில் என்னைப் பார்க்கிற எவரும் அதை மறந்ததில்லை. மறந்துபோன ஒரே ஆள் நீங்கள்தான். பதினாறு வருஷம் எனக்காக ஒன்றைத் தேடியிருக்கிறீர்கள், நான் உங்களுக்காக ஒரு மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடிக் கொடுத்ததில்லை. இப்படி ஒரு காரியத்தை நான் அல்லவா முதலில் செய்திருக்க வேண்டும்? அதிலும் முந்திக்கொண்டீர்கள். வயிறு எரிகிறது. புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், பஸ் கூட்டத்தில் சுண்டுவிரலை எப்படி ஏற்றுவது என்று காட்டுகிறேன், இந்த மட்டிலாவது நான் முந்திக்கொள்கிறேன். கதவைத் தட்டினால் திறப்பேன்.

இதயம் போடுவது எப்படி என்று தையல்காரம்மா காட்டிக் கொடுத்தார். ஒன்பதாவது வாரத்துக்குப் போட்டேன். நிச்சயமாக விழட்டும் என்று இன்னொரு தரம் அழுத்தினேன், போய்விட்டது. மறுபடி அழுத்தினேன், வந்தது. அதற்கப்புறம் எத்தனை தரம் அழுத்தினேனோ தெரியவில்லை, அது ஒன்றுதான் எனக்கு ஞாபகமில்லை. இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும்.